விசிட்டிங் கார்டில் என்ன போடுவது?

கேள்வி: நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதம் வெப் டிசைனிங் படித்தேன். இரண்டு ஆண்டுகளில் ஐந்து இணையதளங்கள் செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் மூன்று, ஆயத்த டெம்ப்ளேட்டை வாங்கி மாற்றி அமைத்தவை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாய்ப்பேச்சாக 18,000 ரூபாய் பேசி, 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி வேலையை முடித்தேன். தளம் ஏறி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை பதினோரு முறை மாற்றம் சொல்லிவிட்டார்கள். மீதிப் பணம் வரவில்லை. இப்போது அதே தொகைக்குள் ஆன்லைன் விற்பனையும் ஆடிக்குள் வேண்டும் என்கிறார்கள். என் தாய்மாமாவோ, "ஏ.ஐ.யிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் தருகிறது, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்கிறார். விசிட்டிங் கார்டு அடிக்க நினைத்திருக்கிறேன். "தொழில்முறை வலை வடிவமைப்பாளர்" என்று போட்டுக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா? இல்லையென்றால் எதைப் படித்தால் வரும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தகுதி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும், வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். வலை வடிவமைப்பாளருக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. நீங்கள் போட்டுக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை, போட்டுக்கொள்ளாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வலையின் பிறப்பே அப்படித்தான். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் முன்மொழிந்த அந்த ஏற்பாட்டை, 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வகம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. உரிமம் வாங்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்தவர் எழுதிய பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். நிரலைக்கூட உலாவியிலேயே திறந்து படித்துவிடலாம். நான் படித்ததும் அப்படித்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால்தான் நீங்களும் நானும் உள்ளே வந்தோம். உங்கள் மாமாவுக்கு இது ஒரு தொழிலா என்ற சந்தேகம் வந்ததும் அதே காரணத்தால்தான்.

சட்டம் வரையறுக்காத அந்தச் சொல்லை நான் ஒருவருக்குக் கொடுப்பதென்றால் ஒன்றைத்தான் பார்ப்பேன். தளம் ஏறிய பிறகு அதில் நேரும் எதற்கும், "இதை இந்தக் காரணத்துக்காக இப்படி வைத்தேன், தவறென்றால் தவறு என்னுடையது" என்று அவரால் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். எந்த மென்பொருளில் செய்தார், எத்தனை வரி நிரல் எழுதினார் என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்குத் தளம் செய்தேன். முகப்பில் திரை முழுவதும் கடலில் சூரியன் உதிக்கும் படம்; அதன் கீழே வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் கடையின் வரலாறு; அடியில் அழகான எழுத்துருவில் முகவரியும் தொலைபேசி எண்ணும். எழுத்துரு எல்லாக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக அந்த எண்ணைப் படமாகவே வைத்திருந்தேன். தண்டையார்பேட்டையில் உள்ள என் அலுவலகத்தில், ஏ.சி. அறையில், பெரிய மானிட்டரில் கடைக்காரருக்குக் காட்டினேன். "சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "இதைப் பார்த்துட்டு ஒருத்தரும் போன் பண்ணலையே சார்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த படகுக்காரர் ஒருவரிடம் கடையின் முகவரியைக் கொடுத்து, அவருடைய கைப்பேசியிலேயே திறந்து பார்க்கச் சொன்னேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். முகத்துக்கு நேரே வெயில். என் சூரியோதயம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் அவர் இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாம்பல் எழுத்து வந்தது. அவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியவில்லை. திரைக்கு மேல் உள்ளங்கையைக் குடை பிடித்துப் பார்த்தார். கீழே இறங்கி எண்ணைக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். படமல்லவா, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். "இதுல நம்பர எப்டி சார் அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடையை நோக்கி நடந்தே போய்விட்டார். கடை இருநூறு அடி தூரத்தில்தான் இருந்தது.

அன்று நடந்தவை ஒவ்வொன்றுக்கும் நம் தொழிலில் எண்ணாலேயே பதில் இருக்கிறது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை 1999-இல் முதலில் வெளியிட்டது, 2.2 என்ற பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது அந்த நெறி. நான் வைத்திருந்த, #999999 என்ற வண்ணக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளைமேல் 2.85:1 மட்டுமே தரும். #767676 வரை கருமையாக்கினால்தான் மயிரிழையில் தேறும். விரல் வைத்து அழுத்தும் இடம் பொதுவாக 24-க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சலுக்கு (பக்கத்தின் தோற்றத்தை அளக்கும் அலகு அது) குறையக்கூடாது என்கிறது 2.2 பதிப்பு. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். என் சூரியோதயமோ கேமராவிலிருந்து வந்தபடியே, சுருக்காமல், 5 எம்.பி. எடையில் கிடந்தது. இந்த நெறிகள் அன்றைக்கும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவை அரசுத் தளங்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் மட்டுமே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். காசிமேட்டுக் காலை வெயிலில் எல்லோருமே பார்வை குறைந்தவர்கள்தாம் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

தளத்தைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். முகப்பில் எந்த எஞ்சின், எந்தப் பாகம் என்ற பட்டியலும், தொட்டால் அழைக்கும் எண்ணும் மட்டும் வைத்தேன். கடைக்காரருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. "கடல் படம் நல்லா இருந்துச்சே சார்" என்று இன்றும் சொல்வார். அவருக்காக அதைச் சுருக்கி "எங்களைப் பற்றி" பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து தளங்கள் என்று எண்ணிக்கை இருக்கிறது, எத்தனை டெம்ப்ளேட் என்று கணக்கு இருக்கிறது, தொகை இருக்கிறது. அந்தத் தளங்களை யார், எந்த நேரத்தில், எந்த மாதிரிக் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் குறையாகப் பட்டது. எம்.சி. ரோட்டுக் கடைக்கே வருவோம். பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயில் ஏறிக் கல்யாண ஜவுளி எடுக்க எட்டுப் பேராகக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு அந்தத் தளத்தில் என்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எவ்வளவு தூரம், மெட்ரோவில் வந்தால் தியாகராயா கல்லூரி நிலையத்தில் எந்தப் பக்கம் வெளியேறுவது, எந்த விலையிலிருந்து பட்டு இருக்கிறது, பிளவுஸ் தைத்தும் தருவார்களா, எடுத்ததை மாற்றிக் கொள்வார்களா. இவை கடைக்குத் தினமும் தொலைபேசியில் வரும் கேள்விகள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வரும் கேள்விகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முகப்பில் எது முதலில் வர வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். இதை முதலிலேயே செய்திருந்தால் பதினோரு மாற்றத்தில் பாதி வந்திருக்காது என்பது என் ஊகம்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். டெம்ப்ளேட் வாங்கியதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் 1990-களில் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டராக, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அமைப்பவனாக இருந்தவன். கல்யாணப் பத்திரிகைக்கு சிவகாசி ஆல்பத்தைக் காட்டுவோம். கார்டை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், பெயரையும் முகூர்த்தத்தையும் நாங்கள் அச்சடிப்போம். கார்டை நாங்கள் வரையவில்லை என்பதற்காக எங்களை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. ஆனால் முகூர்த்த நேரத்தில் ஒரு எண் மாறிவிட்டால் பெண் வீட்டார் சிவகாசிக்குப் போய்ச் சண்டை போட மாட்டார்கள், எங்கள் கடை வாசலுக்குத்தான் வருவார்கள். டெம்ப்ளேட்டும் அப்படித்தான். அதன் உரிமம் ஒரு தளத்துக்கா பல தளத்துக்கா, அதனுடன் வரும் பிளக்இன்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) யார் புதுப்பிப்பது, அதைச் செய்தவர் நாளைக்குக் கைவிட்டுவிட்டால் கடைக்காரரின் தளம் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால் வாங்கிப் பயன்படுத்துங்கள்.

ஏ.ஐ.யும் அதே கணக்குத்தான். நானும் பயன்படுத்துகிறேன், முதல் வரைவுக்கு நேரம் மிச்சமாகிறது. ஆனால் அது கடைக்கு இல்லாத கிளையை அடையாறில் எழுதி வைக்கும், கேட்காத சலுகையை அறிவிக்கும், அழகான ஆங்கிலப் பக்கத்தைச் செய்து தமிழை அதற்குள் திணிக்கும். பத்து நிமிடத்தில் அது தருவது உண்மைதான். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் கடைக்காரரோடு உட்கார்ந்து சரிபார்க்க இரண்டு நாள் ஆகும். மாமாவிடம் அந்த இரண்டு நாளைச் சொல்லுங்கள்.

தமிழைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கக்கூடிய இடம் இதுதான். பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். மண்ணடி நாட்களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாக வரும். அதே வழக்கத்தை நாங்கள் வலைக்கும் கொண்டுபோனோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது, தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும், தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். இன்றைக்கும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய விலைப்பட்டியல் சில, அச்சகத்தின் பழைய எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டாமல் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏற்ற வேண்டும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆங்கிலத்துக்காக எழுதிய டெம்ப்ளேட் ஒன்று, பொருளின் பெயர் நீளமாக இருந்தால் இத்தனையாவது குறியீட்டோடு வெட்டிவிடு என்று வைத்திருக்கும். அது புள்ளிக்கு முன்னால் வெட்டினால் "தமிழ்" "தமிழ" ஆகிவிடும். கொக்கிக்கு முன்னால் வெட்டினால் "வேட்டி" "வேட்ட" ஆகிவிடும். ஜவுளிக்கடையின் பக்கத்தில் வரிசையாகப் பன்னிரண்டு "வேட்ட" நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வரிகளின் இடைவெளியும் அப்படியே. ஆங்கிலத்துக்கு எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு போதும் என்று வைத்திருப்பார்கள். மேலே ஏறும் "மீ"யும் கீழே இறங்கும் "மூ"வும் ஒன்றை ஒன்று இடிக்காமல் இருக்க, நான் 1.6-க்குக் குறைத்து வைப்பதில்லை. சாய்வெழுத்தை எழுத்துருவே தராதபோது உலாவி தானாகச் சாய்த்துக் காட்டும். தமிழில் அது விழப்போகிற சுவர் போல இருக்கும். "லாகின்" என்ற சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் "உள்நுழைக" என்று போட்டால் கடைசி எழுத்து வெளியே தொங்கும். பொத்தானின் அகலத்தை நிலையாக வைக்காமல் சொல்லோடு விரிய விடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலின் தொடக்கத்திலேயே குறிப்பிடவும் மறக்காதீர்கள். பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலை எடுக்க வேண்டும் என்று அறிவது அந்தக் குறிப்பிலிருந்துதான். அது இல்லாவிட்டால் உங்கள் தமிழை ஆங்கிலக் குரலில் மென்று துப்பும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் ஆறு மாதப் பாடத்தில் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி எம்.சி. ரோட்டுப் பணம். அச்சகத்தில் எங்கள் முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். சரிபார்க்கத் தரும் மாதிரித் தாளான புரூஃபில் வாடிக்கையாளரின் கையெழுத்து விழாமல், அச்சடிக்கும் தகடான பிளேட்டைப் போடக்கூடாது. கையெழுத்துக்கு முன்னால் எத்தனை திருத்தமும் சொல்லலாம். பிளேட் போட்ட பிறகு ஒரு எழுத்து மாற்றினாலும் புதுப் பிளேட்டுக்குக் காசு. பிளேட்டைக் கண்ணால் பார்ப்பதால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். வலையில் அந்தப் பிளேட் இல்லை. எதை வேண்டுமானாலும் எப்போதும் மாற்றலாம் என்பதால், மாற்றுவதற்குச் செலவே இல்லை என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். "ஏம்மா, கொஞ்சம் வேலைதானே, சேர்த்துப் பண்ணிக் குடுத்துடு" என்று அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிளேட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் அவருக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அடுத்த வேலையிலிருந்து ஒரு பக்கக் கொட்டேஷன் கொடுங்கள்: எத்தனை பக்கம், எந்த மொழி, படமும் எழுத்தும் யார் தருவது, வரைவைப் பார்த்து எத்தனை சுற்றுத் திருத்தம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், தளம் ஏறிய பிறகு எத்தனை நாள் இலவசப் பராமரிப்பு. வரைவுக்கு அவர் ஒப்புதல் தந்த நாளைத் தேதியோடு குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

உரிமை பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்க்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து வேலையை எடுத்துச் செய்பவர் எழுதினால், அவர் எழுதிக் கொடுக்காத வரையில் உரிமை பொதுவாக அவரிடமே நிற்கும். கைமாற்றுவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுக்கு என்றும், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அதைப் பொருள்கொள்ளும். கடைக்காரரில் பெரும்பாலோர் காசு கொடுத்தால் எல்லாம் தமக்கே என்று எண்ணுகிறார்கள், வடிவமைப்பாளரில் பெரும்பாலோர் இதைப் பற்றி எண்ணுவதே இல்லை. "முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் உரிமையைக் காலவரையின்றி, உலகம் முழுவதற்கும் மாற்றித் தருகிறேன்" என்று எழுதிவிடுங்கள். வாங்கிப் போட்ட டெம்ப்ளேட்டும் பொதுவில் கிடைக்கும் நிரல்களும் அதில் சேராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது நடப்பதற்கு என்ன செய்வது? கோபத்தில் தளத்தை இறக்கிவிடாதீர்கள். அதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும்; பணமும் வரவில்லை, அந்தத் தெருவில் அடுத்த வேலையும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் உள்ள பழைய செய்திகளைப் புரட்டி, பேசிய தொகை, வந்த அட்வான்ஸ், தளம் ஏறிய தேதி, செய்த பதினோரு மாற்றங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், அதற்குச் சாட்சி அந்தச் செய்திகள். மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நேரில் போய், மீதி 13,000 ரூபாய் வேலை முடிந்ததற்கானது என்றும், ஆன்லைன் விற்பனை தனி வேலை என்றும் சொல்லி அதற்குத் தனிக் கொட்டேஷனை நீட்டுங்கள். ஏன் தனி வேலை என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. கடையில் விற்ற சேலை தளத்திலும் குறைய வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவை வேண்டும், கார்டு எண்களை நம் சர்வரில் சேர்த்து வைக்கக்கூடாது. கூரியர் கட்டணம், ஜி.எஸ்.டி. பில், திருப்பி அனுப்பினால் பணம் எப்படி என்பதெல்லாம் அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, திரும்பப் பெறும் முறை, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். வாங்குபவரின் பெயரும் எண்ணும் சேரத் தொடங்கினால் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். சேலை வாங்க வந்தவரிடம் பிறந்த தேதியைக் கேட்கும் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுவது உங்கள் கையில் இருக்கிறது. ஆடிக்குள் இது முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். ஆடிக்கு வேண்டியது தள்ளுபடிப் பக்கம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் பொத்தான் ஒன்றும்தான் என்று மாற்று வழியையும் நீங்களே சொல்லலாம். அதற்குச் சிறு தொகை போதும், கூட்ட நாட்களில் பக்கம் வேகமாகவும் திறக்கும்.

என் இன்னொரு தவற்றையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. தொழில் தொடங்கிய புதிதில் பெரம்பூரில் ஒரு சமையல் கான்ட்ராக்டருக்குத் தளம் செய்தபோது, வேலை சுலபமாக முடியட்டும் என்று தளத்தின் முகவரியான டொமைன் பெயரை என் பெயரில், என் மின்னஞ்சலில் பதிந்தேன். இரண்டு ஆண்டு கழித்து அந்த மின்னஞ்சலை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அங்கேயே கிடந்தன. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் இருக்கும், அதற்குப் பின் 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரி அவருடைய வேனிலும் பில் புத்தகத்திலும் பாத்திரங்களிலும்கூடப் பொறிக்கப்பட்டிருந்தது. வேன் எழுத்தை மாற்றும் செலவை நான் கொடுத்தேன். பாத்திரங்களை என்ன செய்ய முடியும்? அன்றிலிருந்து டொமைனும், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் இடமும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய பணத்தில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுப்பேன். பாஸ்வேர்டுகளையும் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் ஒரு தாளில் எழுதி அவர் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்வேன். சாவியைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் சாவி கையில் இருப்பவர்தான் நிம்மதியாகத் திரும்பி வருகிறார். உங்கள் ஐந்து தளங்களின் பெயர்களும் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.

என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். டெம்ப்ளேட்டைத் திறந்து பழுது பார்க்கும் அளவுக்கு எச்.டி.எம்.எல்., பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். இரண்டையும் ஆழமாகப் படியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தேவையான அளவுக்குப் போதும். திரைக்கேற்ப விரிந்து சுருங்கும் வடிவமைப்பை ஈத்தன் மார்காட் 2010-இல் எழுதி வைத்ததிலிருந்து அதுவே இந்தத் தொழிலின் அடிப்படையாகிவிட்டது, ஆகவே சிறிய திரையிலிருந்தே தொடங்கிப் பழகுங்கள். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில், தளங்களில் அசையும் படங்களைச் செய்யும் ஃபிளாஷ் தெரியாதவருக்கு இங்கே வேலையே இல்லை; 2020 டிசம்பரோடு அதன் ஆதரவு நின்றுபோனது, நான் அதில் செலவழித்த மூன்று ஆண்டும் அதோடு போனது. பேக்கப் எடுப்பதை மட்டுமல்ல, எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதையும் மாதம் ஒருமுறை செய்து பழகுங்கள்.

கடைசியாகக் கார்டு. பல் மருத்துவர் யாரும் "தொழில்முறைப் பல் மருத்துவர்" என்று போர்டு வைப்பதில்லை. நீங்களும் அந்த அடைமொழியை விட்டுவிடலாம். உங்கள் பெயர், அதன் கீழே "இணையதள வடிவமைப்பு: தமிழ், ஆங்கிலம்", பிறகு கைப்பேசி எண், உங்கள் சொந்தத் தளத்தின் முகவரி, இவ்வளவு போதும். அந்தத் தளத்தில் ஐந்து வேலைகளையும் போட்டு, டெம்ப்ளேட்டில் செய்த மூன்றையும் டெம்ப்ளேட் என்றே குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதை ஏன் அப்படி வைத்தீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். கார்டை அச்சுக்குக் கொடுக்கும்போது புரூஃப் கேட்டு வாங்கி, கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.